ஓசை மட்டும் வருகிறது

முந்தானை முடிச்சை அவிழ்த்துப்
பென்டிரைவை எடுத்து வைத்தாள் மயிலாத்தாள்.
வெற்றிலைச் சுண்ணாம்பு அப்பியிருந்தது அதில்.
குண்டூசியால் சுரண்டி, ஊதிச் செருகினேன்.

வீடு கோபாலபுரம். பால் ஊற்றுவது
சோதனைச் சாவடி தாண்டி அந்தப் பக்கம்,
லிட்டருக்கு நாலு ரூபாய் கூட.
சொசைட்டி வாசலில்தான்
தேங்காய் டெம்போ அடித்தது செவலையை.
கேமரா பார்த்திருக்கிறது.
செயலாளர் சிவதாசனின் கணினியில்
நன்றாகவே ஓடியதாம்.
பொள்ளாச்சி இன்சூரன்ஸ் ஆபீசில்
கறுப்புத் திரை. ஓசை மட்டும்.

"மணிச் சத்தம் கேட்டுச்சுங்க. என்ற செவலைதான்னேன்.
காதுல கேட்டதுக்கெல்லாம்
கிளெய்ம் தர முடியாதுங்கறாரு."

என்னிடமும் கறுப்புதான்.
வேறு பிளேயரில் போட்டேன்:
பச்சைப் பச்சையாய்க் கட்டங்கள்,
சுவருக்குள் பாதிக் கொம்பு.
கோப்பின் வாலை வெட்டி
எம்.பி.ஃபோர் என்று புது வால் ஒட்டினேன்.
கணினி ஏமாறவில்லை.
எம்.பி.ஃபோர் வெறும் டப்பா.
பிஸ்கட் டப்பாவைத் திறந்தால்
ஊசியும் நூலும் இருக்கிற வீட்டில் வளர்ந்தவள்,
எனக்கே இது மறந்துபோகிறது.
உள்ளே இருந்தது எச்.265.
அதை அவிழ்க்கத் தெரியாது பழைய பெட்டிகளுக்கு.
எல்லை, மொழி என்று இங்கே ஓர் உவமை வைக்கலாம்.
வைக்கப்போவதில்லை.
கோடெக் இல்லை, அவ்வளவுதான்.

இதற்குள் பாலக்காட்டில் படிக்கும் அவள் தங்கை மகன் ஷிபின்
தன் மேக்கில் மாற்றித் தருகிறேன் என்று வாங்கிப்போய்
நாலாம் நாள் கொடுத்தனுப்பினான்.
செருகினேன்.
ஃபார்மட் செய்யட்டுமா என்றது திரை.
"என்ன கேக்குது?"
"அழிச்சுடட்டுமான்னு."
"அது எதுக்கு நம்மளக் கேக்குது?"
பதில் தெரியவில்லை. இல்லை என்பதை அமுக்கினேன்.

மறுநாள் ஹார்டு டிஸ்க்கோடு நானே போனேன்.
சிவதாசன் கட்டஞ்சாயா கொடுத்தார்.
ரெக்கார்டரின் பாஸ்வேர்டு
கேமரா மாட்டிய பையனுக்குத்தான் தெரியும்,
அந்தப் பையன் ஷார்ஜாவில்.
போனில் சொன்னான்: ஒன்றிலிருந்து ஆறு வரை.

மூன்றரை நிமிடப் படம்.
என் கிழட்டுப் பெட்டி மாற்றி முடிக்க
நாற்பது நிமிடம் கேட்டது.
எண்பத்து மூன்று சதவீதத்தில் கரண்ட் போனது.
வந்ததும் முதலிலிருந்து.
என் கணினியில் ஓடியது.
எதிர் ஸ்டூடியோவில் ஓடியது.
உரக்கடைக்காரரின் போனிலும் ஓடியது.

அப்போதுதான் முதல்முறை பார்க்கிறாள் மயிலாத்தாள்.
நான் டெம்போவின் நம்பரைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தேன்.
அவள் டெம்போவைப் பார்க்கவே இல்லை.
"கவுத்த ஆரு இவ்ளோ நீளமா உட்டாங்க?" என்றாள்.
கயிற்றின் மறுமுனை
திரைக்கு வெளியே இருந்தது.
அவளே சொன்னாள், சற்றுக் கழித்து: "நாந்தான்."

பொள்ளாச்சியிலும் ஓடியது.
அதிகாரி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
மாட்டை விட்டுவிட்டு மூலையைப் பார்த்தார்.
01-01-2000. இரவு மணி பன்னிரண்டு பத்து.
படத்திலோ நல்ல வெயில்.
"இந்தத் தேதியில
உங்க மாடு பொறந்திருக்கவே இல்லையேம்மா?"

கேமராவின் கடிகாரம் தவறு என்று
சிவதாசன் கடிதம் கொடுத்தார், மலையாளத்தில்.
அதைத் தமிழாக்கி, தட்டச்சிட்டு, இரண்டு நகல்:
நாற்பது ரூபாய் வாங்கினேன்.
படத்துக்கு வாங்கவில்லை.
கிளெய்ம் பரிசீலனையில் இருக்கிறது.

கோப்பை இன்னும் அழிக்கவில்லை.
டெஸ்க்டாப்பில், ஜி.எஸ்.டி. ரசீதுகளுக்கும்
யாரோ விட்டுப்போன ஜாதகத்துக்கும் நடுவே
கட்டைவிரல் அளவில் முதல் காட்சி:
வாலை ஓங்கிய செவலை,
ஈ,
காலியான சாலை.