சாவாத ஆடு ஐம்பது

அருமனை தாண்டி, ரப்பர்க் காட்டுக்குள்
மேலேறும் ஒற்றையடி. அட்டை கடிக்கும்.
பள்ளிப்பாறை என்றால் யாருக்கும் தெரியவில்லை.
"மொட்டைச்சாமி நிக்குத எடமாக்கும்" என்று
பால்வெட்டுக் கத்தியை நீட்டியே
வழிகாட்டினார் தாசையன்.

ஆயிரத்து நூறு வருடம் என்று சொல்கிறோம்.
இந்த ஊரில் வருடத்துக்கு இரண்டு மழை,
கணக்கை அப்படிப் போடவேண்டும்.

குகைக்குள் ஐந்து கல்படுக்கை.
தலைமாட்டில் சற்றே மேடு.
துறந்தவர்களுக்கும் தலையணை
வேண்டியிருந்திருக்கிறது.
வெளியே நின்ற கோலத்தில் அருகர்,
முழங்கைக்குக் கீழே ஒன்றுமில்லை,
பாம்புக் குடை மட்டும் பழுதில்லாமல்.
தொப்புளில் யாரோ ஒட்டுப்பாலை உருட்டி
வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மற்றதெல்லாம் மலையிறங்கிவிட்டது.
படிக்கல் இரண்டு குளத்துக்கு.
ஒரு தூண் பகவதி கோயில் மடைப்பள்ளியில் சாய்ந்து
புகை குடிக்கிறது.
இன்னொன்று சபை மணிக்கூண்டின் அடியில்,
தாமரை இதழின்மேல் 1931 என்று வெட்டியிருக்கிறது.
றோஸ்லெட் அக்கா துணி அடிக்கும் கல்லைப்
புரட்டிப் பார்த்தேன்:
முக்குடை.
"அதாக்கும் அழுக்கு இம்புட்டு லேசா போச்சி" என்றாள்.
ஒருவரும் திருடவில்லை.
கேட்க ஆளில்லாத வீட்டுக் கல்லுக்குக்
கால் முளைக்கும், எல்லாத் தேசத்திலும்.

இந்தச் சொல்லைத்தான் பாருங்கள், பள்ளி.
சமணர் படுத்தது, பிள்ளைகள் படிப்பது,
வெள்ளிக்கிழமை தொழுகிறவர்களுக்கும் அதுவே;
களியக்காவிளைக்கு அப்பால்
ஞாயிற்றுக்கிழமைக்காரர்களும் அதைத்தான் சொல்கிறார்கள்.
கட்டடம் போன பிறகும்
பெயர் வாடகைக்கு ஓடுகிறது.

கல்வெட்டு கிழக்குச் சரிவில்.
பாசியைத் தேய்த்தேன். தாளை நனைத்து ஒட்டி
பிரஷால் அடித்தேன், கை கழலும்வரை அடித்தேன்.
தாளுக்குள் எழுத்து மூக்கை நுழைத்தது.
பிறகு மை.
வட்டெழுத்து, கோழி கிளறிய முற்றம்போல.

…குரத்தியார் இப்பள்ளிக்கு
நந்தா விளக்கினுக்கு வைத்த
சாவா மூவாப் பேராடு ஐம்பது…

அவ்வளவுதான்.
அந்த அம்மாளின் பெயர் இருந்த இடத்தில்
ஒன்றரை அங்குலத் துளை.
புத்தம் புதிது, உள்ளே கல்மாவு வெள்ளையாக.
போன மாதம் குவாரிக்காரர்கள் போட்டுப் பார்த்தது.
கீழே டிப்பர் நிற்கும் சத்தம் கேட்கிறது.
எல்லைக்கு அப்பால், கடலுக்குள் போட
இந்த மலை தேவைப்படுகிறதாம்.

"என்ன எழுதியிருக்கு?"
சொன்னேன். ஐம்பது ஆடு. ஒன்று செத்தால்
குட்டி அந்த இடத்துக்கு வரும்,
ஆகவே சாகாது, கிழடாகாது.
நெய் நிற்காது. விளக்கும்.
தாசையன் நேரமெடுத்து யோசித்தார்.
"அப்பம் அந்த ஆடு இப்பவும்
யாருக்க கையிலயோ நிக்கணும், இல்லியா?"

என் படிவத்தில் நிலைமை என்று ஒரு கட்டம்,
சிதைந்தது, சிதையாதது, இரண்டில் ஒன்று.
அதற்குள் ஆட்டை எப்படி எழுதுவது?

ஈரக்காற்று, தாள் காயவில்லை.
அப்படியே விட்டு இறங்கி, றோஸ்லெட் அக்கா வீட்டில் படுத்து,
மணி நாலுக்கு மேலேறினேன்.
காடெங்கும் நெற்றி விளக்குகள்.
முப்பது இருக்கலாம், எண்ணவில்லை.
மரத்துக்கு மரம் குனிந்து, ஒரு கீறல்,
சிரட்டையை நிமிர்த்திவிட்டு நகர்ந்தன.
பாறையோரத்து மரத்துக்கு வந்த தாசையன்
வரி பிடிக்கத் தலையைத் திருப்பினார்.
அருகரின் முகத்தில் வெளிச்சம் ஏறியது.
மூக்கு, மூடாத கண், காதுமடல்.
"பாட்டரி தீரப்போவுது" என்றார், என்னிடமல்ல.
பிறகு அடுத்த மரம்.