ஐஸ் நோட்டு

பாம்பன் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன்.
பன்னிரண்டு பார் கடனுக்கு எடுத்துக்கொண்டு
மூன்று பேரோடு ஒரு நாட்டுப்படகு
புரட்டாசியில் போனது.
பலகைகூட ஒதுங்கவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின சாயங்காலம்
மிக்கேலாள் வந்தாள், கையில் மெழுகுவத்திக் கட்டு.
"வெறுங்குழிதான் சார். சிலுவையில பேரு எழுதியாச்சு,
தேதிக்கு எடம் விட்டிருக்கு.
அவுக ஐஸ் எடுத்தது என்னைக்கு?"

கடன் பற்றிய நாளை
செத்த நாளாக எப்படிச் சொல்வது?
சொன்னேன். சனிக்கிழமை, இருபத்தேழு.
அன்றிரவு தூக்கம் இல்லை.
பெட்டியில் உமி போட்டிருந்தால் ஐஸ் இரண்டு நாள் நிற்கும்,
காற்று திரும்பியிருந்தால் மூன்றுகூட.
காலையில் அவளைத் தேடிப் போனேன்.
பெயிண்ட் காய்ந்திருந்தது.

நம்புராசன் வீட்டில் யாரும் தேதி கேட்கவில்லை.
திதி தெரியாதவர்களையும்
ஆடி அமாவாசை சேர்த்துக்கொள்கிறது.
அக்னி தீர்த்தத்தில் எள் இறைத்த ஈரத்தோடே வந்து
நாலு பாருக்குப் பணம் கட்டிப் போனார்கள்.
மிக்கேலாள் தன் பங்கை எப்போதோ தீர்த்துவிட்டாள்.

ஜுவைரியா இத்தா இருக்கவில்லை.
பாத்திஹாவுக்கு நாள் குறிக்க வந்தவர்களை
"யாருக்கு?" என்று கேட்டாளாம்.
இரண்டு பெருநாளுக்கும்
கலந்தர் அளவில் சட்டை தைத்திருக்கிறாள்;
இரண்டாவதில் இடுப்பைக் கொஞ்சம் தளர்த்தி.

மவுத்தானவர் கடனை வைத்திருக்கக் கூடாது என்று
ஜமாத்திலிருந்து பணம் கொண்டுவந்தார்கள்.
பின்னாலேயே அவள் ஆள் அனுப்பிவிட்டாள்:
வாங்காதீக. அவுக வந்து கட்டுவாக.

நாலு பார் பாக்கி.
அந்தப் பக்கத்தை நான் இன்னும் கூட்டவில்லை.