பூஜ்யம் புள்ளி மூன்று

சாகடிப்பதற்குத்தான் ஒயானாவுக்குச் சம்பளம்.
எல்கொய்பாரில், தேபா ஆற்றங்கரைக் கூடத்தில்,
லேத்தின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னே
நிக்கல் கலவை உருளை சுழல்கிறது.
இரண்டு நிமிடம் வெட்டு. நிறுத்து.
கட்டைவிரல் நகத்தளவு கார்பைடைக் கழற்று.
துடை. மைக்ரோஸ்கோப்பில் வை.
தேய்ந்ததை அள. எழுது. திரும்பப் பூட்டு.

முதல் வெட்டில் முனை
புதுச் செருப்பைப்போல் பழகிக்கொள்ளும்.
பிறகு வெகுநேரம் ஒன்றுமே நடக்காது,
நடக்காததுபோல் இருக்கும்:
நூற்றில் எட்டு மில்லிமீட்டர், பத்து, பதினொன்று.
எறும்பு ஊரக் கல்லும் தேயுமாம்.
இங்கே கல் மெலிந்துகொண்டே சுற்றுகிறது,
எறும்புக்குத்தான் கால் தேய்கிறது.

சுருள் உரசி ஓடும் மேல்முகத்தில்
ஒரு பள்ளம், மழை நின்ற முற்றம்போல.
டங்ஸ்டன் மணிகள் அப்படியேதான் இருக்கின்றன;
அவற்றைக் கோத்துப் பிடித்திருந்த கோபால்ட்
சூட்டில் கை தளர்கிறது.

முப்பதைத் தொட்டால் மரணம் என்று கணக்கு.
பதினாறாம் நிமிடம்: இருபத்தெட்டு.
பதினெட்டாம் நிமிடம்: இருபத்தேழு.

அரிட்ஸ் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.
"பதினெட்டைத் தாண்டிவிட்டதே!
வியாழக்கிழமை வருகிறவர்களுக்கு இது போதும்."
அவன் காபி எடுக்கப் போய்விட்டான்.

தேய்ந்தது எப்படி வளரும்?
ஒயானா விளக்கைச் சாய்த்தாள்.
முனையில் ஒரு மினுக்கம், கார்பைடின் கறுப்பு அல்ல.
வெட்டுப்பட்ட உலோகமே வந்து
வெட்டியவன் காயத்தில் அப்பிக்கொண்டிருக்கிறது.

சூடேற்றிய அமிலம். கையுறை. காத்திருப்பு.
பாதி ரொட்டி தாளிலேயே ஆறியது.
குமிழி அடங்கியதும் கழுவிப் பார்த்தாள்:
முப்பத்தாறு.

சரி, பதினாறரை என்று எழுதலாம்.
ஆனால் பதினாறில் பார்த்த இருபத்தெட்டு?
அதற்கு முந்தைய இருபத்துமூன்று?
எதன்மேல் எவ்வளவு ஒட்டியிருந்ததோ.
பதினாறாம் நிமிடம் திரும்பி வராது.

அரிட்ஸ் காபியோடு வந்தபோது
வரிசை முழுவதும் குறுக்கே ஒரு கோடு.
"வியாழன்," என்றான்.
"தெரியும்," என்றாள்.

சதுரத்தைக் கால் வட்டம் திருப்பி
இரண்டாவது மூலையை முன்னே வைத்து
திருகை இறுக்கினாள்.
உருளை இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.
அமிலக் குடுவையை மூடவில்லை.
இரண்டு நிமிடத்தில் மறுபடி வேண்டும்.