நேற்றைய ஆழம்

மண்ணில் அமரும் கப்பல் சத்தம் போடுவதில்லை.
கோப்பையில் காப்பி முன்பக்கம் சாய்ந்து
அவசரமில்லாமல் நிமிர்ந்தது.
கேப்டன் என்னைப் பார்த்தார்.
நான் வேகமுள்ளைப் பார்த்தேன்.
பூஜ்யம்.

இருபத்தெட்டாயிரம் டன் சோயா,
இருபத்தோரு மாலுமிகள்,
லா பிளாத்தா ஆற்றின் நடுவே ஒரு விடியல்.
பதினேழு வருடமாய்க் கப்பல்களுக்கு வழிகாட்டிய
நெலிதா அர்ரோஸ்பிதே என்கிற நான்.
மொந்தெவிதேயோ துறைமுகத்தில்
என் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கிய கப்பல்கள் உண்டு.

ஆழம் தெரியாமல் காலை விட்டாள் என்றார்கள்.
தெரியும்.
அட்டவணையில் இருந்தது, மனப்பாடமாகவும் இருந்தது.
அது நேற்றைய ஆழம்.
மூன்று நாளாய் வீசிய வடமேற்குக் காற்று
பாயைச் சுருட்டுவதுபோல் ஆற்றைச் சுருட்டிக்
கடலுக்குள் கொண்டுபோய்விட்டது.
என் வீட்டு ஜன்னல் மூன்று இரவும் தடதடத்தது.
அட்டையை மடித்து இடுக்கில் செருகிவிட்டுத் தூங்கினேன்.

விசாரணையில்
முதலில் காற்றைச் சொன்னேன்.
அப்புறம் அட்டவணையை.
அப்புறம், சொல்ல வெட்கமாக இருக்கிறது,
சுக்கான் பிடித்த பையனை.
இருபது வயது இருக்கும், பிலிப்பைன்ஸ்காரன்,
நான் சொன்ன திசையை நூல் பிசகாமல் பிடித்தவன்.
மேஜைக்கு அந்தப்பக்கம் இருந்த அம்மையார்
பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்:
"அவ்வளவு வேகம் எதற்கு?"

பதில் இருந்தது. சொல்லவில்லை.
நான் கெட்டிக்காரி என்பதற்காக.
மற்றவர்கள் ஆறு மணி நேரம் எடுப்பதை
ஐந்தில் முடிப்பவள் என்பதற்காக.
அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை,
கப்பல் கம்பெனிகூட.

ஆழம் குறைந்த நீரில்
வேகம் கூடக்கூடக் கப்பல் கீழே இறங்கும்.
குந்துகிறது என்போம்.
முதல் வருடப் பாடம். மூன்று மதிப்பெண் கேள்வி.
மூன்றையும் வாங்கியிருந்தேன்.

பதினான்கு மாதம் உரிமம் இல்லை.
ஆழம் அளக்கும் படகில் வேலை போட்டுக் கொடுத்தார்கள்.
படகோட்டி வால்தெமாருக்கு இருபத்தாறு வயது;
சூரியகாந்தி விதை கொறிப்பான்,
தன் கால்பந்துக் குழுவைத் திட்டுவான்,
என் கப்பலைப் பற்றி ஒன்றும் கேட்கமாட்டான்.
தெரியாது போலிருக்கிறது என்று நினைத்தேன்.
ஒருநாள் அந்த இடம் வந்ததும்
என்ஜினை அணைத்தான்.
தெர்மோஸைத் திறந்து, மாத்தே ஊற்றி,
முதல் மடக்கை எனக்கு நீட்டினான்.

தினமும் அதே கோடு,
அதே மிதவையிலிருந்து அதே மிதவைக்கு.
பத்து எண்பது.
மறுநாள் பத்து ஐம்பது.
தென்கிழக்குக் காற்று அடித்த வாரம் பன்னிரண்டு இருபது.
எனக்குத் தெரிந்த ஆறு என்று ஒன்று
அங்கே இல்லவே இல்லை.

வழிகாட்டிகள் அறையில்
எனக்கு "நங்கூரம்" என்று பெயர் வைத்திருந்தார்கள்.
மகள் ஹிமேனா சாப்பிடும்போது கேட்டாள்:
"எவ்வளவு நேரம் சிக்கியிருந்தது?"
"பத்தொன்பது மணி நேரம்."
"அதுவரைக்கும் என்ன செய்தீர்கள்?"
"சமையல்காரர் ரொட்டி சுட்டார். சாப்பிட்டோம்."
அவள் சிரித்தாள்.
எனக்கும் அன்றுதான் வந்தது.

திரும்பி வந்த முதல் கப்பலில்
பயந்து பயந்து ஊர்ந்தேன்.
நீர் ஏறியிருந்த நேரம் கைவிட்டுப் போக,
இரவு முழுக்க வெளியே கிடந்தோம்.
வைத்த பெயர் பொருந்திவிட்டது.
பயமும் ஓர் அட்டவணைதான்.
அதுவும் நேற்றையது.

இப்போது அட்டையை எடுத்துவிட்டேன்.
ஜன்னல் தடதடக்கிறது, தூக்கம் கெடுகிறது.
புறப்படுமுன் வானொலியில் வால்தெமாரைக் கூப்பிடுகிறேன்.
சுக்கான் பிடிப்பவரின் பெயரைக் கேட்டுக்கொள்கிறேன்.
அந்தப் பையனுக்கு எழுதிய கடிதம்
மணிலா ஏஜென்சியிலிருந்து பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது;
பையில்தான் இருக்கிறது,
வேறு முகவரி கிடைக்கும்வரை.

இன்று காலை ஒரு கேப்டன்
கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.
"நேரமாகிறதே?"
"ஆமாம்" என்றேன். "ஆகிறது."
பத்து எழுபது, என்றது வானொலி.
இன்னும் கொஞ்சம் குறைக்கச் சொன்னேன்.