நகக்கண்

செற்றியின்ர இடது கை கிழிஞ்சு
பஞ்சு வெளியில வந்திட்டுது.
கஸ்தூரியார் வீதிக் கடைக்கு இன்னும் ஏழு தவணை.
மிளகு அதில ஏறி, முதுகை வில்லாக்கி,
பத்து நகத்தையும் விரிச்சு இழுக்குது.
எந்தப் பெயரும் இவளுக்குப் பொருந்தும்:
கள்ளி, சனியன், ராசாத்தி.

ஸ்காபரோவிலயிருந்து மச்சாள் வைபரில வந்தா.
"எங்கட பூனைக்கு நாங்கள் அப்பவே எடுப்பிச்சம்.
ஒருக்கா மயக்கினால் காணும்.
அதுக்கே தெரியாது."
கமராவைத் திருப்பி அந்தப் பூனையைக் காட்டினா.
வெள்ளைக் கம்பளத்தில, வெள்ளையாய்,
கால் மாத்தி மாத்தி நிண்டது
சுடுமணலில நிக்கிற மாதிரி.

இவர் மேசையில ஒரு துவாயைக் கொண்டுவந்து போட்டார்.
மாமாவின்ர இரத்தம், முந்தநாளையான்.
சின்னக் கீறல்தான். ஆனா
இரத்தம் கட்டாமல் இருக்க மாமா குளிசை போடுறார்;
விடியும் மட்டும் அது நிக்கேல்லை.
"செற்றிக்காக நான் கதைக்கேல்லை" எண்டார்.
உண்மைதான். அதாலதான் கஷ்டம்.

மிருக வைத்தியர் நிலாந்தினி
என்ர சின்னவிரலைப் பிடிச்சு
கடைசிக் கணுவில தன்ர பெருவிரலை வைச்சா.
"நகம் எண்டுதான் எல்லாரும் சொல்லுகினம்.
வெட்டுறது இதில."

நகமும் சதையும் போல எண்டு
எங்களைச் சொல்லுவினம், கலியாண வீடுகளில.
பூனைக்கு அது நகமும் எலும்பும்.

"அப்ப நீங்கள் செய்யமாட்டியள்?"
"மாட்டன்."
பிறகு கையைக் கழுவிக்கொண்டு சொன்னா:
"நான் மாட்டன் எண்டு அனுப்பினவையில ரெண்டு பேர்
சாக்கில கட்டிக்கொண்டு போய்
மீன்சந்தைக்குப் பின்னால விட்டவை.
அதுவும் எனக்குத் தெரியும்."

அடுத்த நாள் காலமை
பத்து விரலின்ர கடைசிக் கணுவையும் மடக்கிக்கொண்டு
வீட்டுவேலை செய்து பார்த்தன்.
பால்மா ரின் திறக்கேல்லை.
ஊசி கொழுவேல்லை.
வெங்காயத் தோல், விடுங்கோ.
நுளம்பு கடிச்ச இடம் தெரியுது, சொறிய ஒண்டுமில்லை.
எட்டரைக்குக் கையை விரிச்சன்.
எனக்கு விரிக்க இருந்தது.

குருநகரிலயிருந்து அருளப்பு வந்தார், செற்றி தைக்க.
ஊசி பிடிக்கேக்கை கவனிச்சன்,
சுட்டுவிரல் கட்டை.
மரக்காலை, வாள் மிசின், இருபது வயசு.
"நோகுமோ?"
"விரல் நோகாது. மழைக்கு முதல் நகம் கடிக்கும்."
"எந்த நகம்?"
நூலைப் பல்லால அறுத்தார்.
"அந்த இல்லாத நகம்தான், பிள்ளை."

இரவு இதைச் சொன்னன்.
"மனிசனும் பூனையும் ஒண்டோ" எண்டார் இவர்.
ஒண்டில்லை.
மனிசன் வாய்திறந்து சொல்லுவான்.

மாமா அதுவரைக்கும் ஒண்டும் சொல்லேல்லை.
இரத்தம் அவற்ற, வழக்கு எங்கட.
ஞாயிற்றுக்கிழமை
அந்த வெக்கைக்குள்ள முழுக்கைச் சட்டை போட்டு,
பழைய சாரத்தில மிளகைச் சுத்தி
மடியில வைச்சுக்கொண்டு இருந்தார்.
"வெட்டு. நுனி மட்டும்."

யன்னல் வெளிச்சத்துக்கு ஒவ்வொரு விரலாய்ப் பிடிச்சன்.
அழுத்த, நகம் வெளியில வந்தது
கண்ணாடி மாதிரி, உள்ளுக்கு ஒரு றோஸ் கோடு.
நகக்கண்.
அது என்னைப் பார்த்துக்கொண்டிருக்க
அதுக்குக் கிட்டப் போகாமல் வெட்டினன்.
மிளகு மாமாவைத் தூசணத்தில பேசினாள்.
மாமாவும் பேசினார்.

அருளப்பு தும்புக்கயிறு சுத்தித் தந்த பனங்குத்தி
மூலையில நிக்குது. அவள் அதில கீறுறதில்லை,
ஏறி நித்திரை கொள்ளுறாள்.
மூண்டு கிழமையில நுனி திரும்ப வளரும்.
இவரும் திரும்பத் துவாயை எடுப்பார்.
நானும் மறுமொழி இல்லாமல் நிப்பன்.

பேப்பரில விழுந்த பிறைத்துண்டுகளை
மாமா விரலால ஒதுக்கி எண்ணினார்.
ஒன்பது.
"ஒண்டைக் காணேல்லை."
ரெண்டு பேரும் செற்றியைப் பார்த்தம்.
இடது கையில, புதுத் தையலுக்குப் பக்கத்தில,
கொழுவிக்கொண்டு கிடந்தது.