ஒரு சாவுக்கு இருநூறு பக்கம்

செம்பூர் ஸ்டேஷன் படிக்கட்டை ஒட்டி
தங்கமாரியின் இஸ்திரி வண்டி.
கீழ்த்தட்டில் கரி மூட்டை,
பக்கத்தில் துப்பறியும் நாவல்கள்.
பத்து ரூபாய் கொடுத்து எடுத்துப் போகலாம்,
கிழிக்காமல் கொண்டுவந்தால் ஏழு திரும்பும்.
எந்தப் புத்தகம் எடுத்தாலும்
கையில் லேசாகச் சுடும்.

இந்த வாரத்துப் புத்தகத்துக்கு அட்டை இல்லை.
தலைப்பு போயிற்று, எழுதினவர் பெயரும் போயிற்று.
ஊர் மட்டும் மிச்சம்:
ஒரு டாக்கீஸ், ஒன்றரை டாக்டர்
(அரை என்பது கம்பவுண்டர்),
நாலு மணிக்கு ஒரு பஸ்.
பயணியர் விடுதி மூன்றாம் அறையில்
சர்வேயர் செத்துக் கிடக்கிறார்.

அவ்வளவுதான், ஊரே வேலையைப் போட்டுவிட்டு வருகிறது.
பொத்தான் துளையைப் பார்த்ததுமே
"இது என் தையல் இல்லை" என்கிறார் டெய்லர்.
அன்றைக்கு எத்தனை ஆழாக்கு மிஞ்சியதென்று
பால்காரிக்குத் தெரிகிறது.
பையில்லாமல் இறங்கியவனின் செருப்பு வார்கூட
கண்டக்டருக்கு ஞாபகம்.
சஸ்பெண்டான இன்ஸ்பெக்டர்,
வயிற்றுப்புண்காரர்,
மோரைக் குடித்துக்கொண்டே எல்லாரையும் கேட்கிறார்.
பொய் சொல்கிறவர்கள்கூட
எவ்வளவு அக்கறையாகச் சொல்கிறார்கள்!

வடாலாவில் கூட்டம் ஏறும்.
புத்தகத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் படிப்பேன்.
என் தோளில் மூச்சு விடுகிற பெண்ணை
ஆறு வருஷமாகத் தெரியும்.
பெயர் தெரியாது.

ஃபோர்ட்டில் எனக்கு டெத் கிளெய்ம் செக்‌ஷன்.
சாப்பாட்டு மணிக்குள் நாற்பது சாவு.
காரணம் என்ற கட்டத்தில்
இரண்டு சொல்லுக்கு மேல் இடமில்லை.
மாரடைப்பு என்றால் ஒன்றே போதும்.
முத்திரையைத் தூக்கித் தூக்கி
வலது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது.

முப்பத்தோராம் பக்கத்தில்
யாரோ கம்பவுண்டரைச் சுற்றிப் பென்சிலில் வட்டம் போட்டு
ஓரத்தில் எழுதியிருந்தார்: இவன்தான்.
பாவி, என்று திட்டிக்கொண்டே
நூற்றெழுபது பக்கம்
கம்பவுண்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல் படித்தேன்.
கொன்றது அவனில்லை.
விதைக்கடைக்காரர்.

ஸான்ட்ஹர்ஸ்ட் ரோடில் தனியாகச் சிரித்தேன்.
அத்தனை நிச்சயமாகத் தப்பு செய்தவரை
எனக்குப் பிடித்துவிட்டது.
எழுத்து வலப்பக்கமாகத் தேய்ந்திருந்தது.
இடது கைக்காரர், என்று முடிவு கட்டினேன்.

அன்று மதியம் இருபத்தெட்டாவது ஃபைல்:
ரகுநாத் ஸாவே, ஐம்பத்திரண்டு, விரார்.
வழுக்கி விழுந்து.
இரண்டு சொல், கட்டத்துக்குள் சரியாக.
ஏனோ முத்திரை எழவில்லை.
பென்சிலை எடுத்து ஓரத்தில் எழுதினேன்:
யார் பார்த்தது?
கர்னிக் சார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
"சந்தேகமா?"
இல்லை சார்.
"பின்னே?"
பின்னே என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

பதினோராம் நாள் கிளையிலிருந்து வந்தது,
யாரும் இல்லை என்று.
குத்தினேன்.
பணம் அவர் மனைவிக்குப் போய்ச் சேர்ந்தது.
அதில் ஒரு குறையும் இல்லை.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது
தங்கமாரியைக் கேட்டேன்,
எனக்கு முன்னால் எடுத்துப் போனது யார்?
"நானென்ன நோட்டு போட்டா எழுதி வைக்கேன்?"
பெட்டியைத் திருப்பி வைத்தான்.
கரி ஒருமுறை சிவந்தது.
"அந்தச் சாரா? வாரத்துக்கு நாலு சட்டை.
கோடு போட்டதுதான் போடுவாரு.
இடது கைப்பட்டியில எப்பவும் பென்சில் மை,
எத்தனை துவைச்சாலும் போவாது.
மே மாசத்துக்கப்புறம் சட்டை வரலியே."

ஏழு ரூபாயை நீட்டினான்.
மே, ஜூன், ஜூலை.
மூன்று மாதம், நாளைக்கு நாற்பது,
அதுவும் சாப்பாட்டுக்கு முன்னால் மட்டும்.
ஒரு கோடு போட்ட சட்டையும்
என் மேஜையைத் தாண்டிப் போனதில்லை,
ஃபைலுக்குச் சட்டை கிடையாது.

என் ரயில் வந்து நின்றது.
ஏறவில்லை.
எந்த பில்டிங், என்று கேட்டேன்.