குற்றத்திற்குப் பிந்தைய நடத்தை

முதல் வீட்டில் மூன்று குடம்.
இரண்டாவதில் ஐந்து, கூடவே ஒரு அன்னக்கூடை.
மூன்றாவது வீட்டுப் புகைப்படத்தில்
பவுனாம்பாளின் காலுக்கு அந்தப் பக்கம்
நீல பிளாஸ்டிக் டிரம்.
மேலே அலுமினியத் தட்டு, கவிழ்த்து மூடியபடி.
மகஜரில்: தண்ணீர் விளிம்புக்கு ஒரு சாண் குறைவு.

அடிபம்பில் ஒரு குடத்துக்கு
நாற்பது அடியாவது அடிக்க வேண்டும்.
கணக்குப் போட்டேன்.
கொன்ற பிறகு அரைமணி நேரம்
அவன் அங்கேயே இருந்திருக்கிறான்.

தண்டையார்பேட்டைக் காவல் நிலையத்து மாடியில்
ஃபேன் காற்றில் பறக்கும் தாள்கள்மேல்
டீ கிளாஸ்களை வைத்துக்கொண்டு எழுதினேன்,
ஒன்பது பக்கம்.
வயது இருபத்தைந்திலிருந்து முப்பத்தைந்து. தனியாள்.
தாயோடு தீராப் பகை.
தண்ணீர்: செய்ததைக் கழுவும் சடங்கு.
மூடி: முகத்தை மூடத் துணியாதவன்
தண்ணீரை மூடுகிறான்.
இந்த வரி எனக்குப் பிடித்திருந்தது.
அரைப்பக்கத்துக்கு நீட்டினேன்.

வரைபடத்தில் நான்கு புள்ளி, சுற்றி ஒரு வட்டம்.
இன்ஸ்பெக்டர் டில்லிபாபு பார்த்துவிட்டு
"கொருக்குப்பேட்டை கேட்டை மறந்துட்டீங்க மேடம்.
கூட்ஸ் நின்னுச்சுன்னா முக்கா மணி நேரம்.
உங்க வட்டமும் இந்தப் பக்கமே நிக்கும்" என்றார்.
அழித்துவிட்டுத் தண்டவாளத்துக்குக் கிழக்கே
நசுங்கிய எலுமிச்சைபோல் ஒன்று வரைந்தார்.
தண்ணீர் பற்றி அவர் கருத்து வேறு:
"பம்பு சத்தம் கேட்டா
உள்ள ஆளு உசுரோட இருக்குன்னு அர்த்தம்.
அவ்ளோதான்."

எலுமிச்சைக்குள்தான் அகப்பட்டான்.
தனகோட்டி. ஐம்பத்தொன்று.
இரண்டு மகள், ஒரு பேரன்.
காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் வேலை.
தாய் போன தை மாதம் இறந்தாள்.
கடைசி எட்டு மாதம்
அவளுக்குப் பீ மூத்திரம் அள்ளியது அவன்தானாம்.
என் ஒன்பது பக்கத்தில் மிஞ்சியது
'வலது கைப் பழக்கம்'.
எனக்கும்தான்.

புழலில், மூன்றாவது சந்திப்பில் கேட்டேன்.
கம்மலுக்காக என்றே எப்போதும் சொன்னவன்
(நான்கு ஜோடியும் சேர்ந்து ஒரு பவுன்கூட வராது)
தண்ணீர் என்றதும்
முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தான்.
"தண்ணி வந்துக்கினு இருந்துச்சு."
சரி. எதுக்கு அடிச்சீங்க?
"வந்துக்கினு இருந்துச்சு மேடம்.
வுட்டா நாளன்னிக்குத்தான்."
யாருக்காக?
பதில் இல்லை.
எந்த ஊர்க்காரி இவள் என்பதுபோல் ஒரு பார்வை.

பழைய வண்ணாரப்பேட்டை.
பள்ளிக்கூடம் போகுமுன் பதினொரு குடம்,
வலது உள்ளங்கையில் காய்ப்பு.
அவனிடம் சொல்லவில்லை.
அடையாறு போய்ப் பதினாலு வருடம்;
திருகினால் வருகிறது, கை மறந்துவிட்டது.
தண்ணீர் புரிந்துவிட்டது என்று
ஒரு கணம் மார்பு இளகியது உண்மை.
பம்பைத் தொடுமுன் அந்தக் கை செய்ததைப் பற்றி
ஒன்றுமே புரியவில்லை என்பதும் உண்மை.

திருத்திய அறிக்கைக்காக
மூன்றாவது வீட்டுக்கு மறுபடி போனேன்.
பக்கத்து வீட்டு பல்கீஸ்
கதவைப் பாதி திறந்து நின்று பேசினாள்.
"அன்னிக்குக் காலைல எங்க வூட்டு பம்புல காத்துதான் வந்துச்சு.
அவங்க வூட்டாண்ட போனேன். கதவு சாத்தியிருந்துச்சு, தாப்பா போடல.
காலு தெரிஞ்சுச்சு. தூங்கறாங்கன்னு நெனச்சேன்.
ரெண்டு கொடம் மொண்டுக்கினு வந்தேன்.
அதுலதான் சோறு வடிச்சோம், புள்ளைங்க துன்னுச்சு.
போலீஸ்ல இத்த யாரும் கேக்கல."

கொஞ்ச நேரம் கழித்து
நான் கேட்காமலே சொன்னாள்:
"எறும்பு வுழுமேன்னு
தட்ட எடுத்து மூடிட்டு வந்தேன்."